வயலுக்கு மேலே பறப்பதற்கு என்ன பெயர்? சேதுக் காசும் புதுச் சொல்லும்

முத்தையன்கட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு விடயங்களைக் கொண்டு வந்திருக்கிறேன். ஒரே கிழமையில் கைக்கு வந்ததால் இரண்டும் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன.

முதலாவது: வீட்டு வளவில் வாழை வைக்கக் கிடங்கு வெட்டினோம். ஒரு முழ ஆழத்தில் மண்வெட்டி எதிலோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் செப்புத் துண்டு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, முழுக்கப் பச்சை பிடித்தது. ஒரு பக்கம் ஆள் நிற்பது போலத் தெரிகிறது. மறுபக்கம் மாடு படுத்திருக்கிறது, அதன் கீழே இரண்டு எழுத்து. படத்தை இணைத்திருக்கிறேன். இது என்ன காசு?

இரண்டாவது: எங்கள் கமக்காரர் அமைப்பு இந்தக் காலபோகத்தில் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறது. எந்த நாளில் யாருடைய வயல், கிணறுகளை மூடி வைப்பது, பிள்ளைகளையும் மாடுகளையும் தள்ளி நிறுத்துவது என்று உறுப்பினர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுத வேண்டும். செயலாளர் என்பதால் அது என் பொறுப்பு. 'ஆளில்லா விமானம்' என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் வாசித்துவிட்டு, "விமானம் என்று போட்டால் எங்கள் சனம் வயலில் நிற்குமா?" என்று கேட்டார். அதை வெட்டிவிட்டு 'வண்டு' என்று எழுதினேன். போன போகத்தில் அதை ஒரு நாள் பறக்கவிட்டுக் காட்டியபோது வரம்பில் நின்றவர்களின் வாயில் தானாக வந்த சொல் அதுதான். சின்னச் சொல், எங்களுடைய சொல். ஆனால் எழுதிய பிறகு பேனாவை மூட மனம் வரவில்லை.

அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். காசை அடித்தவனுக்கு அரசன் அதிகாரம் கொடுத்தான். ஊருக்கு ஒரு சொல்லை அடித்துக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நந்திப்பிறை எழுதியது:

அண்ணா, முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிட்டுக் கடதாசியில் சுற்றி வையுங்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதையும் எழுதி வையுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசு பாதிக் காசுதான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி இப்படிக் கிடைப்பதை அறிவிக்க வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பியது சேதுக் காசு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. படுத்திருப்பது நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற இரண்டு எழுத்து. அவர்களுக்குச் சேதுகாவலன் என்றும் பட்டம் இருந்தது. ஒரு காலத்தில் இந்தக் காசை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையது என்று எண்ணியவர்களும் உண்டு. வட இலங்கை எங்கும் இது கிடைத்த பிறகுதான் அந்த வழக்குத் தீர்ந்தது. காசு எந்த மண்ணில் புழங்கியது என்பதே அது யாருடையது என்பதற்குச் சாட்சி ஆனது.

அடித்த விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. செம்பைத் தட்டித் தகடாக்கி, வில்லையாக வெட்டி, அடியச்சின் மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. கை சற்று விலகினால் உருவம் வில்லைக்கு வெளியே போய்விடும். உங்கள் காசில் பிறை பாதிதான் விழுந்திருக்கிறது பாருங்கள். காசில் நேராகத் தெரிய வேண்டிய எழுத்தை அச்சில் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகப் புரட்டி வெட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த கம்மியனுக்கே கை தடுமாறும் வேலை அது. இத்தொழில் நடந்த இடத்தைப் பழந்தமிழில் அக்கசாலை என்றார்கள்.

வன்னிக்கு அக்கசாலை எதற்கு? எங்கள் வன்னியர்கள், அதாவது வன்னிச் சிற்றரசர்கள், திறையை யானையாகத்தான் கொடுத்தார்கள். ஒல்லாந்தரும் யானையைத்தான் கேட்டார்கள். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற காசுப் பெயர் 'துட்டு'. அது அவர்களுடைய சொல், இன்று அதைத் தமிழ் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பதிலுக்கு எங்கள் 'காசு' போத்துக்கேயர் வாயில் ஏறிப் போய்ச் சீனத்து ஓட்டைச் செப்புக் காசுக்கு ஆங்கிலப் பெயராக நிலைத்தது.

நீங்கள் 'சொல்லை அடிப்பது' என்று எழுதியதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கிலத்தில் காசுக்கும் சொல்லுக்கும் ஒரே வினை. தமிழில் காசை அடிக்கிறோம், சொல்லை ஆக்குகிறோம். ஆனால் ஆக்கிய பிறகு இரண்டுக்கும் ஒரே சொல்தான்: புழக்கம். பணப் புழக்கம், சொற்புழக்கம். பிறக்கிற இடத்தில் தமிழ் அவற்றைப் பிரித்துவிட்டு, கை மாறுகிற இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

போறணையடி எழுதியது:

நான் புதுக்குடியிருப்பில் பாண் போடுகிறவன். அப்பாவும் அதே தொழில். பேக்கரியின் பெயர்ப்பலகையில் 'வெதுப்பகம்' என்று இருந்த காலத்தில் வளர்ந்தேன். அன்றைய விடுதலைப் புலிகளின் நிர்வாகம் வன்னிக் கடைகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைக்கச் சொன்னது உங்களுக்குத் தெரியும். உந்துருளி (மோட்டார் சைக்கிள்), குளிர்களி (ஐஸ்கிரீம்), வைப்பகம் (வங்கி), வெதுப்பகம் எல்லாம் அப்போது பரவியவை.

அந்தச் சொற்களைப் பழிப்பவர்களையும் கண்டிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு போற்றுபவர்களையும் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெதுப்புதல் என்றால் இளஞ்சூடு காட்டுவது. பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு வெற்றிலையை வாட்டி வெதுவெதுப்பாக வைப்போமே, அந்தச் சூடு. பாண் சுடும் அடுப்பான போறணையின் வாயில் ஒரு நிமிடம் நின்று பார்த்தவர் அதை வெதுப்பு என்று சொல்ல மாட்டார். சொல்லை ஆக்கியவர் போறணைக்கு முன் நின்றிருக்கவில்லை என்று அப்பா சொல்லுவார்.

ஆனாலும் அந்தச் சொல் நின்றுவிட்டது. போர் முடிந்து, பலகை வைக்கச் சொன்னவர்களும் இல்லாமல் போன பிறகு, நான் கடையைத் திரும்பத் திறந்தபோது யாரும் கட்டாயப்படுத்தாமல் 'வெதுப்பகம்' என்றே எழுதினேன். யாழ்ப்பாணத்திலும் அப்படியே எழுதுகிறார்கள். உந்துருளி பத்திரிகையில் ஓடுகிறது, தெருவில் ஓடுவது மோட்டார் சைக்கிள். குளிர்களி என்று கேட்டு வாங்கிய பிள்ளையை நான் காணவில்லை. ஏன் ஒன்று நின்றது, மற்றது விழுந்தது என்று பல இரவு மா பிசையும்போது யோசித்திருக்கிறேன். என் எண்ணம் இது: கடைக்கு 'அகம்' என்று முடிவது ஏற்கனவே எல்லோர் காதிலும் இருந்தது. நூலகம், உணவகம், மருந்தகம். அச்சு பழகிய அச்சு, வில்லை மட்டும் புதிது. அதனால் கை கூசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் உள்ளே விற்பது பாண்தான். போத்துக்கேயச் சொல். றோஸ் பாண், அச்சுப் பாண். நந்திப்பிறை அச்சைப் பற்றி எழுதியபோது எனக்கு எங்கள் தகர அச்சுதான் நினைவுக்கு வந்தது. மாவை அச்சில் வைத்தால் மட்டும் பாண் ஆகாது, அது பொங்க வேண்டும். பொங்காத மாவை எந்த அச்சில் வைத்தாலும் கல்லு.

மல்லாவி ஆசிரியை எழுதியது:

தம்பி போறணையடி எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன், அனுமதி தருவீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த நாட்டில் தமிழில் அறிவியற்சொல் ஆக்கியவர்களில் முன்னோடி மானிப்பாயில் இருந்த மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்த அமெரிக்க மிசனரி. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று கண்டு, தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடு. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள். 1875இல் வெளிவந்த அவருடைய இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. எவ்வளவு துணிவான பெயர்! அது நிற்கவில்லை. இன்று நாங்கள் இரசாயனவியல் என்கிறோம், தமிழ்நாட்டில் வேதியியல் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்சிசன், அங்கே ஆக்ஸிஜன். ஒரே மொழிக்குள் இரண்டு அக்கசாலை. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் மாணவர் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பாடுபடத்தான் வேண்டும். அது எனக்கு உண்மையான கவலை.

சரியாக ஆக்கினால் சொல் நிற்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 'சதம்'. வடமொழியில் சதம் என்றால் நூறு. 1872இல் இலங்கையில் ரூபாயை நூறாகப் பிரித்தபோது, நூறில் ஒரு பங்குக்குச் சதம் என்று பெயர் விழுந்தது. நூறு என்ற சொல் நூறில் ஒன்றுக்கு! கணித ஆசிரியைக்கு இதைவிடப் பெரிய பிழை என்ன இருக்கிறது? ஆனால் என் பாட்டி, "கையில் ஒரு சதம் இல்லை" என்று சொன்னபோது அந்தச் சொல்லில் ஒரு பிழையும் இருக்கவில்லை. கிரிக்கெட்டில் ஒருவர் சதம் அடித்தார் என்று வானொலி சொன்னால் அதுவும் அவருக்கு விளங்கியது.

முத்தையன்கட்டான் தம்பி, உங்கள் துண்டுப்பிரசுரத்திலேயே பாருங்கள். கிருமிநாசினி என்று எழுதியிருப்பீர்கள். முழு வடமொழி. எந்தக் கமக்காரன் அதற்குத் தடுமாறுகிறான்?

பத்து லீற்றர் எழுதியது:

நான் அந்த இயந்திரத்தை இயக்குகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் ட்ரோன் என்றுதான் சொல்கிறார்கள். பத்து லீற்றர் தாங்கியோடு ஏறும், வரம்பில் நின்றுகொண்டே அடித்துவிடலாம், சேற்றில் இறங்கி முதுகில் சுமக்கத் தேவையில்லை, மருந்து முகத்தில் படாது. முதுகில் சுமந்து அடித்தே எங்கள் அப்பாவுக்கு நெஞ்சு பழுதானது. அவர் காலத்தில் இது வரவில்லையே என்பதுதான் என் துக்கம். பெயர் எதுவாக இருந்தாலும் சனம் பயமில்லாமல் ஏற்றுக்கொண்டால் போதும்.

வற்றாப்பளை மகள் எழுதியது:

அண்ணா, நீங்கள் பேனாவை மூடாமல் வைத்திருந்தது நல்லது.

2009இல், போரின் கடைசி மாதங்களில், எனக்கு 11 வயது. ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு என்ற சொல்லை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மேலே அது சுற்றும் சத்தம் அப்படி இருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. விடிய ஆறு மணிக்கே தொடங்கும். வண்டு நிற்கிறது என்று யாராவது சொன்னால் அம்மா அடுப்பு மூட்ட மாட்டார், புகை தெரியும் என்று. கழுவிய துணியைக் காயப் போட மாட்டோம். பதுங்குகுழிக்குள் அம்மம்மா எங்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவு உயரத்தில் இருப்பதற்கு எங்கள் பேச்சுக் கேட்காது என்று அவருக்கும் தெரியும். அது சுற்றிவிட்டுப் போன பிறகு என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போன போகத்தில் எங்கள் பக்கத்து வயலுக்கும் இதைக் கொண்டு வந்து காட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, எழுபது வயதுக்கு மேல், களை பிடுங்கிக்கொண்டு நின்றவர். சத்தம் கேட்டதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வேப்பமரத்தடியில் குப்புறப் படுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரைத் தூக்கி இருத்தித் தண்ணீர் கொடுத்தோம்.

வரம்பில் நின்றவர்களின் வாயில் அந்தச் சொல் தானாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருக்கும். எனக்கும் வந்தது. வாயில் வந்தது எல்லாவற்றையும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்க முடியாது.

நந்திப்பிறை எழுதியது:

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு நேற்று முழுவதும் ஒன்றும் எழுத முடியவில்லை.

காசில் ஒரு முறை உண்டு. புது அரசன் வந்தால் பழைய காசை உருக்காமல், அதே வில்லையின் மேல் தன் அச்சை வைத்து அடித்துவிடுவான். செலவும் நேரமும் மிச்சம். ஆனால் அப்படி அடித்த காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் புது முகத்துக்குக் கீழே பழைய முகத்தின் மூக்கு தெரியும், பழைய எழுத்தின் கால் தெரியும். ஆய்வாளர்களுக்கு அது புதையல், யாருக்குப் பின் யார் வந்தார் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

'வண்டு' என்ற சொல்லின் மேல் மருந்தடிக்கும் இயந்திரத்தை வைத்து அடித்தால் நடப்பது அதுதான். கீழே உள்ளது மறையாது. நாங்கள் அதை ஆய்வுப் பொருளாகப் பார்க்கலாம், அந்தப் பெரியம்மாவால் முடியாது. அந்தச் சொல்லை அழிக்கவும் கூடாது. அது வன்னி மக்கள் தாங்களே ஆக்கிய சொல், அந்தக் காலத்துக்குச் சாட்சி. அதை அப்படியே வைத்திருப்போம், வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

மல்லாவி ஆசிரியை எழுதியது:

மகளே, உங்கள் எழுத்துக்கு நன்றி என்று சொல்வதும் சின்னதாக இருக்கிறது.

ஒன்று தோன்றுகிறது. எங்கள் ஊர்ச்சனத்துக்குப் பயத்தோடு பெயர் வைக்கவும் தெரியும், பயத்தை விலக்கப் பெயர் வைக்கவும் தெரியும். நெற்சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்ல விட மாட்டார்கள், 'பொலி' என்றுதான் சொல்ல வேண்டும். பூதம் கேட்டால் விளைவை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். ஆனால் அந்தப் பயத்திலிருந்து பிறந்த சொல்லைப் பாருங்கள், பொலிதல், பெருகுதல். கேட்கவே வயிறு நிறைகிறது. காட்டில் தந்தமுள்ள யானையைக் கொம்பன் என்றும் தந்தமில்லாததை அலியன் என்றும் பிரித்தார்கள், இரண்டாவது சிங்களத்திலிருந்து வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. கட்டு உடைந்த குளத்துக்கு 'முறிப்பு' என்று பெயர் வைத்தார்கள், தண்ணிமுறிப்பு என்று ஊரே ஆனது. எந்தச் சபையும் கூடி வைத்த பெயர் இல்லை. குளக்கட்டிலும் களத்திலும் நின்றவர்கள் வைத்தவை.

ஆகவே வயலில் நின்று பார்ப்போம். காலபோகத்தில் கதிர் வரும் முன் வயலுக்கு மேலே அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, திரும்பவும் அசையாமல் நிற்பது எது? தும்பி. நான்கு செட்டை. பூச்சியைத் தின்னும், பயிரைத் தொடாது. சின்ன வயதில் அதைப் பிடித்து வாலில் நூல் கட்டாத பிள்ளை வன்னியில் இல்லை. அதைக் கண்டு பயந்த பிள்ளையும் இல்லை.

படுவான்கரையான் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன், வன்னிக்காரர் பேச்சில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோயில்களில் வண்ணக்கர் என்று ஒரு பொறுப்பு உண்டு. கோயிற் கருமங்களைப் பார்ப்பவர். சங்க காலத்தில் வண்ணக்கன் என்பவன் காசை உரைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்பவன். அந்த வேலையை இங்கே கொஞ்சம் செய்கிறேன்.

ஆசிரியை அம்மா, இலக்கியத்தில் தும்பி வண்டினத்தையே குறிக்கும். இறையனாரின் குறுந்தொகைப் பாட்டில் தும்பி தேன் தேடித்தான் பறக்கிறது. 'வண்டு' வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அதன் தம்பியையே கூட்டி வருகிறீர்களே?

உரைத்துப் பார்த்த பிறகு நானே பதிலும் சொல்லிவிடுகிறேன். இன்று இலங்கையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தும்பி என்றால் நீள வாலும் கண்ணாடிச் செட்டையும் உள்ளதைத்தான் காட்டும். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. காலத்தில் படிந்துவிட்ட சொல்லை விலக்க எனக்கு உரிமை இல்லை. காசு நல்ல காசு.

பத்து லீற்றர் எழுதியது:

என்னுடையதில் விசிறி நான்குதான். தும்பி என்று சொன்னபோது என் மகள் உடனே விளங்கிக்கொண்டு வானத்தைக் காட்டினாள்.

ஆனால் பழுது பார்க்கும் இடத்திலும் உதிரிப்பாகம் வாங்கும் இடத்திலும் ட்ரோன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டையும் எழுதுங்கள் ஐயா.

போறணையடி எழுதியது:

வெளியே வெதுப்பகம், உள்ளே பாண். நாங்கள் இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் வாழ்கிறோம், ஒரு குறையும் வரவில்லை.

முத்தையன்கட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காசைத் தேய்க்கவில்லை. கடதாசியில் சுற்றி, கிடங்கின் அளவும் வரைந்து, கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் கனத்தது. சின்ன மகனுக்கு அதன் அச்சை மெழுகில் எடுத்து வைத்திருக்கிறேன், எழுத்து அதில் புரண்டு தெரிகிறது. அச்சு வெட்டியவன் அப்படித்தான் பார்த்திருப்பான் என்று அவனுக்குச் சொன்னேன்.

துண்டுப்பிரசுரத்தில் 'மருந்தடிக்கும் தும்பி (ட்ரோன்)' என்று எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் வற்றாப்பளைத் தங்கச்சியிடம் கேட்டு அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்குப் போனேன். தங்கச்சியும் கூட வந்தார். முற்றத்தில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பெரியம்மா தும்பி என்ற இடத்தில் ஒருமுறை தலையை அசைத்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, அது சத்தம் போடுமா?"

போடும் அம்மா, அதைக் குறைக்க முடியாது என்றேன்.

"அப்படியென்றால் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது சொல்லாமல் வந்ததுதான் அப்போது எங்களுக்கு..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பிரசுரத்தில் நேரம் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. இப்போது முதல் வரிக்குக் கொண்டு வந்து பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்: காலை 6.30 தொடக்கம் 8.00 வரை. முதல் நாள் மாலை கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவிப்போம். பத்து லீற்றர் தம்பி, அந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பும் ஏற்ற வேண்டாம்.